எண்பதுகளின் பாட்டு இருபது வயதுக்காரருக்கும் ஏன் பிடிக்கிறது?

ஒரு கல்லூரி மாணவர் கேட்ட கேள்வி இது: "நான் பிறந்தது 2000க்குப் பிறகு. ஆனாலும் ராத்திரி ஹெட்போனை மாட்டினால் கை தானாக 80களின் தமிழ்ப் பாட்டுக்குத்தான் போகிறது. என் நண்பர்களும் அப்படித்தான். 'அந்தக் காலத்துப் பாட்டுதான் பாட்டு' என்று அப்பா சொல்கிறார். அவருக்கு அது இளமைக்கால நினைவு. அந்த நினைவே இல்லாத எங்களுக்கு ஏன் பிடிக்கிறது?"

உங்கள் அப்பாவைப் பற்றிய பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்கும் பாட்டு மற்ற வயதில் கேட்பதைவிட ஆழமாகத் தங்கும். நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் பல நாடுகளில் பார்த்துச் சொன்ன விஷயம் இது. முதல் வேலை, முதல் காதல், வீட்டைவிட்டு வெளியூர் போனது எல்லாம் அந்த வயதில்தான் நடக்கின்றன. அப்போது பக்கத்தில் எந்தப் பாட்டு ஓடியதோ அது அந்த நாட்களோடு ஒட்டிக்கொள்கிறது. 1984இல் பதினெட்டு வயதில் இருந்தவருக்கு 'வைதேகி காத்திருந்தாள்' படப் பாட்டுகள் அப்படி ஒட்டியவை. நாளைக்கு உங்கள் பிள்ளைகளிடம் நீங்களும் இன்றைய பாட்டைப் பற்றி இதையேதான் சொல்வீர்கள்.

இன்னொன்றையும் கழித்துவிட வேண்டும். அந்தப் பத்தாண்டில் வருஷத்துக்குச் சுமார் நூறு படம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு நாலைந்து பாட்டு. ஆக மொத்தம் நாலாயிரம், ஐயாயிரம் பாட்டு. அதில் நாம் இன்று கேட்பது சில நூறுதான். மீதியெல்லாம் காற்றோடு போய்விட்டது. தியேட்டர் வாசலில் விற்ற பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால், பெண்ணை மட்டமாகப் பேசிய பாட்டு, இரட்டை அர்த்தப் பாட்டு, அவசரத்தில் கட்டிய மெட்டு என்று எத்தனையோ கிடக்கின்றன. அதனால் '80கள் முழுக்கப் பொற்காலம், இப்போது பாட்டே வருவதில்லை' என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு கிடையாது. காலம் சலித்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, இன்னும் சலிக்காத இன்றைய குவியலோடு ஒப்பிடுவது நியாயமும் இல்லை.

இந்த இரண்டையும் கழித்த பிறகும் கணிசமான ஒன்று மிஞ்சுகிறது. உங்கள் கேள்வி அதைப் பற்றியதுதான்.

'இளைய நிலா பொழிகிறதே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படம். இளையராஜா இசை, வைரமுத்து வரிகள், எஸ்.பி.பி. குரல். அடுத்த ஆண்டே 'கலாகார்' என்ற இந்திப் படத்தில் அதே மெட்டு 'நீலே நீலே அம்பர் பர்' என்று கிஷோர் குமார் குரலில் வந்தது. இசையமைப்பாளர்கள் பெயர் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி. இன்றைக்கும் வட இந்தியாவில் கிட்டார் பழகும் பையன்கள் ஆரம்பத்தில் எடுக்கும் பாட்டுகளில் அது ஒன்று. அவர்களில் பெரும்பாலோருக்கு 'பயணங்கள் முடிவதில்லை' என்ற பெயரே தெரியாது. மொழி மாறி, குரல் மாறி, படம் மறந்த பிறகும் மெட்டும் அந்த கிட்டாரும் நிற்கின்றன என்றால், அதைப் பழைய நினைவின் கணக்கில் எழுத முடியாது. பாட்டுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது.

அது என்ன என்பதற்கு என் விடை: அந்தப் பாட்டுகள் இரண்டு முறை கேட்கும்படி கட்டப்பட்டவை. முதல் முறை உங்கள் அப்பா கேட்டார். இரண்டாவது முறை நீங்கள் கேட்கிறீர்கள். இரண்டு பேரும் கேட்டது ஒரே பாட்டின் வேறு வேறு பகுதிகளை.

விளக்குகிறேன். 80களில் பாட்டு எதன் வழியாக வந்தது? கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மரத்தில் கட்டிய குழாய். வீட்டில் மீடியம் வேவில் இரைச்சலோடு வந்த டிரான்சிஸ்டர். பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் சின்ன ஸ்பீக்கர். கூம்புக் குழாயில் கீழ் ஸ்தாயி ஒலி ஏறக்குறைய வராது. பேஸ் கிட்டார், டிரம்ஸின் அடித்தளம் எல்லாம் அதில் காணாமல் போய்விடும். பாடகரின் குரல், புல்லாங்குழல், வயலினின் மேல் பகுதி, இவைதான் கேட்கும். அரை கிலோமீட்டர் தள்ளி வயலில் நிற்பவரின் காதில், காற்றுக்கு ஏற்ப வந்தும் போயும், பல்லவி விழ வேண்டும். விழுந்து, அவர் வாயில் முணுமுணுப்பாகவும் திரும்பி வர வேண்டும். அந்த ஓட்டைக் கருவிகளில் தாக்குப்பிடிக்கிற மெட்டுதான் அன்றைக்கு ஹிட். ஒலியின் அழகை நம்பி, மெட்டில் சத்து இல்லாமல் வந்த பாட்டுக்கு ஊர்ப்பக்கம் வேலையே இல்லை.

இப்போது நீங்கள் அதே பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். அப்பா காதுக்கு வராத ஒரு மாடி கீழே திறக்கிறது. பேஸ் கிட்டார், ராகத்தின் ஆதார சுரத்தில் நின்று தட்டிக்கொண்டிருக்காமல், தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு நடக்கிறது. நான் நெடுநாள் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவன், அதனால் இதை அடித்துச் சொல்ல முடியும். 'பூவே செம்பூவே' (சொல்லத் துடிக்குது மனசு, 1988) பாட்டில் யேசுதாஸ் மேலே பாடிக்கொண்டிருக்க, கீழே பேஸ் வேறொரு வழியில் போய், வரி முடியும் இடத்தில் வந்து சேரும். குரலை நிறுத்திவிட்டு பேஸை மட்டும் வாசித்தாலும் அது பாட்டாகவே இருக்கும். அந்தக் காலத்து இளையராஜா பாட்டுகளில் பேஸ் வாசித்தவர் சசிதரன். டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மானுவல், கிட்டார் சதானந்தம், புல்லாங்குழல் நெப்போலியன், தனி வயலின் வி.எஸ்.நரசிம்மன். இந்தப் பெயர்கள் கேசட் உறையில் வரவே வராது. இன்று யூடியூபில் உங்கள் வயதுப் பிள்ளைகள் அந்த பேஸ் பகுதியை மட்டும் பிரித்து எடுத்து வாசித்துப் போடுவதைப் பார்க்கும்போது, அந்த வாத்தியக்காரர்களின் உழைப்பு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது.

குழாயில் கேட்காத ஒன்றை அவ்வளவு மெனக்கெட்டு ஏன் எழுத வேண்டும்? அதற்கு இளையராஜா வந்த வழியைப் பார்க்க வேண்டும். பண்ணைப்புரத்துப் பையன், அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் பாடியவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுத்து வடிவில் கற்றார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். கர்நாடக இசையை டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் படித்தார். 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளரானார். நாட்டுப்பாட்டு, மேற்கத்திய இசை, கர்நாடக இசை மூன்றும் இப்படி ஒரே ஆளிடம் சேர்ந்தன. ஒரு மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டு ஓட வேண்டும் என்பது மேற்கத்திய இசை படித்தவருக்கு அலங்காரம் கிடையாது, எழுத்தின் இலக்கணமே அது. யார் கேட்கிறார், எதில் கேட்கிறார் என்று பார்த்து அவர் அதை விட்டுவிடவில்லை.

இடையிசையைக் கவனியுங்கள். பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் நடுவே ஒன்று, முதல் சரணத்துக்கும் இரண்டாம் சரணத்துக்கும் நடுவே இன்னொன்று. முன்பெல்லாம் பல பாட்டுகளில் முதலில் வாசித்ததையே இரண்டாவது இடத்திலும் வாசித்துவிடுவார்கள். இளையராஜாவிடம் இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு. அதாவது நாலரை நிமிஷப் பாட்டில் முன்னிசை, பல்லவி, சரணம், இரண்டு இடையிசை என்று ஐந்து தனித்தனிச் சங்கதிகள். அத்தனையும் நோட்டில் எழுதி, வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, பாடகரும் கூடவே நின்று, பெரும்பாலும் ஒரே கால்ஷீட்டில் பதிவானவை. ஒருவர் தப்பு செய்தால் மறுபடி முதலிலிருந்து. அப்படிச் சேர்ந்து வாசித்ததில் வரும் மூச்சு, தனித்தனியாகப் பதிந்து கம்ப்யூட்டரில் ஒட்டும்போது வேறு மாதிரி ஆகிவிடும். இன்றைய முறை தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. அதற்கென்று வேறு அழகுகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் காதுக்கு 80களின் பாட்டில் ஏதோ 'உயிரோடு' இருப்பதாகத் தோன்றுகிறதே, அதில் ஒரு பங்கு இந்தக் கூடத்துக்கு உரியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்தில் 'மாடர்ன்' என்று கொண்டாடப்பட்ட சத்தங்கள்தான் சீக்கிரம் வயதாகின. டிஸ்கோ அலையில் வந்த எலக்ட்ரானிக் டிரம்ஸ், ஆரம்பகால சிந்தசைஸர் சத்தங்களைக் கேட்டால் அது எந்த வருஷம் என்று சொல்லிவிடலாம். கம்பி கிட்டார், வயலின், குழல், தபேலா, இவற்றுக்குத் தேதி கிடையாது. 'என் இனிய பொன் நிலாவே' (மூடுபனி, 1980) நேற்று பதிந்ததுபோல் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் காரணம் அதுதான்.

'பாடறியேன் படிப்பறியேன்' பாட்டைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. 1985, 'சிந்து பைரவி', சித்ரா பாடியது. எழுத்தறியாத பெண் பாடுவதுபோல் நாட்டுப்புற மெட்டில் தொடங்கும். போகப் போக அது சாரமதி ராகத்துக்குள் இருப்பது தெரியும். கடைசியில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையில் போய்ச் சேரும். அந்தக் கீர்த்தனை மேடைகளில் காம்போதியில் பாடப்படுவது. இளையராஜா அதை இங்கே சாரமதிக்கு மாற்றி, நாட்டுப்பாட்டுக்கும் கீர்த்தனைக்கும் நடுவே ஒரு சுவரே இல்லை என்று காட்டிவிட்டார். சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் தேசிய விருது வந்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, ராகம் தெரியாதவர்களும் சங்கீதம் படித்தவர்களும் ஆளுக்கொரு காரணத்துக்காக அந்தப் பாட்டை விரும்பியது.

சரி, பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் நாற்பது வருஷம் தங்கிவிடுமா? தங்காது. கேட்டவர்கள் அதை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதும் சேர வேண்டும்.

அன்று பெரும்பாலோருக்குப் படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை. தியேட்டரைவிட்டுப் போய்விட்டால் போனதுதான். கையில் மிஞ்சுவது பாட்டு மட்டும். சென்னைத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' தவிர மற்ற நேரமெல்லாம் பாட்டு என்றால் காது மட்டும்தான். அதனால் பாட்டு படத்தைவிட்டுப் பிரிந்து தனியாக வாழப் பழகியது. 'நிழல்கள்' (1980) ஓடாத படம். 'ராஜ பார்வை' (1981) எதிர்பார்த்தபடி போகவில்லை. ஆனால் 'இது ஒரு பொன்மாலைப் பொழுது', 'மடை திறந்து', 'அந்தி மழை பொழிகிறது' மூன்றும் அந்தத் தோல்வியைத் தெரிந்துகொள்ளவே இல்லை.

வானொலியில் இலங்கையின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தென் மாவட்டங்களில் உள்ளூர் நிலையத்தைவிடத் துல்லியமாகக் கேட்ட ஊர்கள் உண்டு. காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு நேயர் விருப்பம், கே.எஸ்.ராஜாவின் வேகமான குரல், பி.எச்.அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'. அந்தப் போட்டியில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் திண்ணையிலும் பள்ளிச் சுற்றுலா பஸ்ஸிலும் அதையே விளையாடினார்கள். ஒரு தலைமுறை ஆயிரம் பல்லவிகளை அகர வரிசையில் மனப்பாடமாக வைத்திருந்தது என்றால் மிகையில்லை.

பிறகு கேசட். இன்றைக்கு உங்களுக்குத் தெரியாத ஒரு கடை அன்று ஒவ்வொரு ஊரிலும் இருந்தது, பாட்டுப் பதிந்து தரும் கடை. வெள்ளைத் தாளில் பன்னிரண்டு, பதினான்கு பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒரு காலி டி.டி.கே. 60 கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் பதிந்து, உறையில் பாட்டுப் பெயர்களைப் பச்சை மசியில் அழகாக எழுதி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் அரை மணி நேரம்தான். ஆறு பாட்டு, இழுத்துப் பிடித்தால் ஏழு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யோசித்து யோசித்து எழுதுவார்கள். ஏனென்றால் காசு கொடுத்துப் பதிகிற பாட்டு, பல மாதம் கேட்கப்போகிற பாட்டு. காலம் சலித்துக் கொடுத்தது என்று மேலே சொன்னேனே, அந்தச் சலித்தெடுத்தல் நடந்த இடம் இதுதான். எந்த நிறுவனமும் எந்தப் பட்டியலும் செய்யாத வேலையை லட்சக்கணக்கான பேர் தங்கள் கையெழுத்தில் செய்தார்கள். பின்னால் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடை வந்தபோதும், பஸ் டிரைவர்கள் பென் டிரைவ் வாங்கியபோதும், தனியார் எஃப்.எம். நிலையங்கள் ராத்திரி நேரத்தை இந்தப் பாட்டுகளுக்குக் கொடுத்தபோதும், அந்தப் பழைய தாள்களில் இருந்த பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. உங்கள் செயலி இன்று உங்களுக்குப் பரிந்துரைக்கும் 80கள் பட்டியலும் ஏறக்குறைய அதேதான்.

கச்சேரி மேடையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கோயில் கொடையில் பாட்டுக் கச்சேரி என்றால் முதல் இரண்டு மணி நேரம் புதுப் பாட்டு, குத்துப் பாட்டு ஓடும். நடுராத்திரி தாண்டி, சின்னப் பிள்ளைகள் பாயில் தூங்கிய பிறகு, மேடைக்குத் துண்டுச்சீட்டு வர ஆரம்பிக்கும். 'சங்கீத மேகம்', 'ராஜ ராஜ சோழன் நான்', 'பூங்காற்று திரும்புமா'. முன்பு அந்தச் சீட்டைக் கொண்டுவந்தவர்கள் நடுத்தர வயதுக்காரர்கள். பிற்பாடு கல்லூரிப் பையன்கள் கொண்டுவர ஆரம்பித்தார்கள், அதுவும் சரணம் முழுக்கக் கூடவே பாடிக்கொண்டு.

இளையராஜாவையே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கலாம். அந்தப் பத்தாண்டில் அவர் பங்கு அவ்வளவு பெரிது, மறைக்க முடியாது. ஆனாலும் எம்.எஸ்.வி.யின் 'சிப்பி இருக்குது முத்தும் இருக்குது' (வறுமையின் நிறம் சிவப்பு, 1980) மெட்டுக்கு வரி பிறக்கும் விதத்தையே பாட்டாக்கியது. டி.ராஜேந்தரின் 'ஒருதலை ராகம்' அதே ஆண்டு. சந்திரபோஸின் 'மனிதன்' 1987. இவையும் நிற்கின்றன. குரல்களும் அப்படித்தான். ஜானகி, சுசீலா, வாணி ஜெயராம், எஸ்.பி.பி., யேசுதாஸ், மலேசியா வாசுதேவன், ஜெயச்சந்திரன், உமா ரமணன், ஜென்சி என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யாரென்று தெரியும் குரல்கள்.

இப்போதைய படங்கள் பழைய பாட்டை எடுத்து வைப்பதால்தான் இளைஞர்களுக்குப் பிடிக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. 2024இல் 'லப்பர் பந்து' படத்தில், விஜயகாந்த் ரசிகரான கிரிக்கெட் ஆட்டக்காரர் மைதானத்தில் இறங்கும்போது 1989இன் 'பொன்மனச் செல்வன்' படத்திலிருந்து 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு ஒலிக்காத டென்னிஸ் பந்து மைதானம் இல்லை. படம் பாட்டைக் கொண்டுவந்து காட்டியது. ஆனால் காட்டினால் மட்டும் ஒட்டாது, ஒட்டுவதற்கு உள்ளே தாளமும் மெட்டும் வேண்டும். அதே மாதிரிப் பழைய பாட்டை வைத்தும் யாரும் திரும்பிப் பார்க்காத படங்கள் எத்தனையோ வந்து போயின. 'இளமை இதோ இதோ' (சகலகலா வல்லவன், 1982) கதை வேறு. எஸ்.பி.பி.யின் புத்தாண்டு வாழ்த்தோடு தொடங்குவதால் டிசம்பர் 31 நள்ளிரவுக்கு அது இல்லாமல் ஆகாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இந்தப் பாட்டையும் வேறு இரண்டையும் 2025இல் ஒரு பெரிய படம் பயன்படுத்தியதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டுக்கு உரிமை யாருடையது என்று இன்றும் நீதிமன்றப் படி ஏறும் அளவுக்கு அதற்குச் சந்தை இருக்கிறது.

அப்பாவோடு வாதாடுவதைவிட ஒரு காரியம் செய்யுங்கள். 'வளையோசை' (சத்யா, 1988) பாட்டை முதலில் போனின் சின்ன ஸ்பீக்கரில், அடுத்த அறையில் வைத்துக் கேளுங்கள். லதா மங்கேஷ்கரும் எஸ்.பி.பி.யும், வாலி அடுக்கி வைத்த இரட்டைக் கிளவிகளும் மட்டும் வரும். அப்பா கேட்டது அது. பிறகு ஹெட்போனில் போட்டு, குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். முடிந்ததும் 'இளைய நிலா', அதற்கு அடுத்து 'பூவே செம்பூவே'. இரண்டாவது இடையிசை வரும்போது ஹெட்போனில் ஒரு பக்கத்தை அப்பாவிடம் கொடுங்கள். அந்த இடத்தில் கீழே என்ன ஓடுகிறது என்பது அவருக்கும் அனேகமாகப் புதிதாகத்தான் இருக்கும்.